அடக்கக் கூடாத வேகம்: சிறுநீர்ப்பையும் அதன் இரத்த ஓட்டமும்

உடலைப் பேணுவதும் வழிபாட்டின் ஓர் அங்கமே என்று கருதி வந்த மரபு நம்முடையது. ஆலயத்துக்குச் செல்லுமுன் நீராடுகிறோம். விரத நாட்களில் உணவைக் குறைக்கிறோம். இதயம், கண், சிறுநீரகம் ஆகியவற்றைப் பற்றி மருத்துவர் சொல்வதையும் கவனமாகக் கேட்கிறோம். ஆனால் அடிவயிற்றில் அமைந்து, இரவு பகலாக ஓசையின்றிப் பணி செய்யும் சிறுநீர்ப்பையைப் பற்றிப் பேச மட்டும் கூச்சப்படுகிறோம். இந்தக் கூச்சத்தினாலேயே நம் பெண்களும் முதியவர்களும் பல தொல்லைகளை வாய்விட்டுச் சொல்லாமல் பொறுத்துக்கொள்கிறார்கள்.

நம் முன்னோர் இதில் கூச்சப்படவில்லை. சித்த மருத்துவம் அடக்கக் கூடாத வேகங்கள் 14 என்று வகுத்துள்ளது. வேகம் என்பது உடல் தானாக எழுப்பும் உந்துதல். தும்மல், இருமல், கொட்டாவி, பசி, தாகம், தூக்கம், கண்ணீர் என்று செல்லும் அந்த வரிசையில் சிறுநீரும் ஒன்று. ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையும் இதே கருத்தைக் கூறி, 13 வேகங்களைக் கணக்கிடுகிறது. இவற்றை வலிந்து அடக்கினால் நோய் வரும் என்பது இரு மருத்துவ முறைகளுக்கும் பொதுவான எச்சரிக்கை.

ஏன் அடக்கக் கூடாது? இன்றைய மருத்துவம் இதற்குப் பல காரணங்களைச் சொல்கிறது. அவற்றுள் அதிகம் பேசப்படாத ஒன்று, சிறுநீர்ப்பையின் சுவருக்குள் ஓடும் இரத்தம். அந்த இரத்த ஓட்டம் எவ்வாறு கட்டுப்படுத்தப்படுகிறது, எப்போது தடைபடுகிறது, நம் கெடா மாநிலத்துத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வாழ்வோருக்கு அதனால் என்ன பாடம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பையின் அமைப்பு

நம் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இரு சிறுநீரகங்களுக்கும் செல்கிறது. அங்கே கழிவுகள் பிரிக்கப்பட்டு, நாள் ஒன்றுக்குச் சுமார் 1 முதல் 2 லிட்டர் சிறுநீர் உண்டாகிறது. அது இரண்டு மெல்லிய குழல்களின் வழியாகச் சிறுகச் சிறுக இறங்கிச் சிறுநீர்ப்பையில் சேர்கிறது. வளர்ந்த ஒருவரின் பை பொதுவாக 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை தாங்கும். 150 முதல் 200 மில்லிலிட்டர் சேர்ந்தவுடன் முதல் உணர்வு தோன்றும்.

பலர் இதை ஒரு ரப்பர் பலூன் என்று எண்ணிக்கொள்கிறார்கள். பலூனுக்கு உணவு தேவையில்லை. சிறுநீர்ப்பையின் சுவரோ உயிருள்ள திசு. அதன் உட்புறத்தில், சிறுநீரின் கழிவுகள் மீண்டும் உடலுக்குள் ஊறிவிடாமல் தடுக்கும் மெல்லிய போர்வை ஒன்று இருக்கிறது. அதற்கு வெளியே நரம்பு நுனிகளும் இரத்த நாளங்களும் நிறைந்த இணைப்புத் திசு. அதற்கும் வெளியே, சுருங்கிச் சிறுநீரை வெளியேற்றும் தசை. போர்வை பழுதானால் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். நரம்பு நிறைவை உணர்ந்து மூளைக்குச் சொல்ல வேண்டும். தசை வலுவாகச் சுருங்க வேண்டும். இம்மூன்றுக்கும் பிராணவாயுவும் சத்தும் தேவை. அவற்றைக் கொண்டு வருவது இரத்தம் ஒன்றுதான்.

இரத்தம் வரும் வழி

வயிற்றின் பின்புறமாக இறங்கும் பெருந்தமனி இடுப்பருகே இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையிலிருந்தும் உள் இடுப்புத் தமனி என்னும் உட்கிளை புறப்படுகிறது. அதிலிருந்து சிறுநீர்ப்பைக்கென்றே தனித் தமனிகள் வருகின்றன. மேற்பகுதிக்கு மேல் சிறுநீர்ப்பைத் தமனி. அடிப்பகுதிக்கு ஆண்களில் கீழ்ச் சிறுநீர்ப்பைத் தமனி. பெண்களில் கருப்பை, பிறப்புறுப்பு ஆகியவற்றுக்குச் செல்லும் தமனிகளின் கிளைகள். இவை சுவருக்குள் புகுந்து மேலும் மேலும் கிளைத்து, உட்போர்வைக்குச் சற்றுக் கீழே மயிரினும் நுண்ணிய தந்துகிகளின் அடர்ந்த வலையாகப் பரவுகின்றன. பின்னர் இரத்தம் சிறு சிரைகளில் திரண்டு இதயத்துக்குத் திரும்புகிறது.

இதில் வியக்கத்தக்க ஓர் ஏற்பாடு உண்டு. பை காலியாக இருக்கும்போது சுவரிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருள் சுருளாக, மடிப்பு மடிப்பாகக் கிடக்கின்றன. பை நிரம்பிச் சுவர் விரியும்போது அந்தச் சுருள்கள் மெல்ல நிமிர்ந்து நீள்கின்றன. தொலைபேசியின் சுருள் கம்பியை இழுப்பது போன்றது இது. குழாய் இழுபட்டு மெலியாமல், சுருள் மட்டும் விரிகிறது. ஆகவே பை பல மடங்கு பெரிதானாலும், ஓர் எல்லை வரை இரத்தம் தடையின்றி ஓடுகிறது.

மதகுகளைத் திறப்பவை, மூடுபவை

கெடாவில் வாழும் நமக்கு இந்தக் கட்டுப்பாட்டைப் புரிந்துகொள்ள நல்ல உவமை ஒன்று அருகிலேயே உள்ளது. 1970-இல் செயல்பாட்டுக்கு வந்த மூடா நீர்ப்பாசனத் திட்டத்தை நாம் அறிவோம். மூடா, பெடு அணைகளின் நீர் வாய்க்கால்களில் ஓடி, கெடா, பெர்லிஸ் சமவெளியின் வயல்களில் ஆண்டுக்கு இரு போகம் விளையச் செய்கிறது. அணையில் எவ்வளவு நீர் இருந்தாலும், ஒரு வயலுக்கு எவ்வளவு பாயும் என்பதை அந்த வாய்க்காலின் மதகே தீர்மானிக்கிறது. உடலிலும் அப்படித்தான். இதயம் அணை என்றால், சிறு தமனிகளின் சுவரில் வளையமாகச் சுற்றியிருக்கும் தசையே மதகு. அது இறுகினால் ஓட்டம் குறையும். தளர்ந்தால் ஓட்டம் பெருகும். சிறுநீர்ப்பையில் இந்த மதகைக் கையாளுபவை நான்கு.

முதலாவது, தமனித் தசையின் சொந்த இயல்பு. இரத்தம் மிகுந்த வேகத்துடன் வந்து குழாயை விரிக்க முயன்றால், குழாய் தானே இறுகி அந்த வேகத்தைத் தணித்துக்கொள்ளும். அழுத்தம் குறைந்தால் தானே தளரும். நரம்பின் கட்டளைக்குக்கூட அது காத்திருப்பதில்லை. இந்த இயல்பை ஆங்கிலேய அறிஞர் வில்லியம் பெய்லிஸ் 1902-இல் எடுத்துரைத்தார். இது உடலின் பல உறுப்புகளுக்கும் பொதுவானது.

இரண்டாவது, நரம்புகள். முதுகுத் தண்டின் நடுப்பகுதியிலிருந்து வரும் பரிவு நரம்புகள் நோர்அட்ரினலின் என்னும் பொருளை வெளியிட்டு இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. அச்சம், குளிர், படபடப்பு ஆகிய வேளைகளில் இவற்றின் ஆதிக்கம் ஓங்கும். இதற்கு மாறாக, உணர்வைச் சுமக்கும் நரம்பு நுனிகள் சில, குழாய்களை விரிக்கும் பொருள்களை வெளியிடுகின்றன. சுவரில் எரிச்சலோ அழற்சியோ ஏற்பட்டால் அங்கே இரத்தம் கூடுதலாகப் பாய்வதற்கு இவையும் ஒரு காரணம்.

மூன்றாவது, இரத்தக் குழாயின் உட்படலம். இரத்தம் உரசிச் செல்லும்போது இப்படலம் நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயுவைச் சிறிதளவு சுரக்கிறது. அது பக்கத்திலுள்ள தசைக்குள் பரவி அதைத் தளர்த்துகிறது. ஒரு வாயு உடலுக்குள் தூதுவனாகச் செயல்பட முடியும் என்ற இந்தக் கண்டுபிடிப்புக்காக ராபர்ட் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகிய மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. நீரிழிவும் புகைப்பழக்கமும் முதலில் கெடுப்பது இந்த உட்படலத்தையே. இதைப் பின்னர் மீண்டும் காண்போம்.

நான்காவது, திசுவின் பசி. தசை கடுமையாக உழைத்தாலோ இரத்தம் சற்று நேரம் தடைபட்டாலோ பிராணவாயு குறைகிறது. கரியமில வாயுவும் பிற கழிவுகளும் சேர்கின்றன. அக்கழிவுகளே மதகைத் திறக்கும் சாவியாகின்றன. தடை நீங்கியவுடன் முன்னைவிட அதிக இரத்தம் பாய்ந்து வந்து இழப்பை ஈடுசெய்கிறது. திசுவின் தேவைக்கேற்பத் தந்துகிகளின் ஓட்டம் மாறுகிறது என்பதை விளக்கியமைக்காக டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோக் 1920-இல் நோபல் பரிசு பெற்றார்.

இவற்றுடன் அண்மைக் காலத்தில் தெரியவந்த செய்தி ஒன்றும் உண்டு. சிறுநீர்ப்பையின் சிறு சிரைகள் தாமாகவே சீராகச் சுருங்கி விரிவதை ஜப்பானின் நகோயா நகரப் பல்கலைக்கழகத்தில் ஹாஷிதானி குழுவினர் விலங்குகளின் திசுக்களில் கண்டு விளக்கியுள்ளனர். சுவர் விரிந்து நெருக்கும்போதும் இரத்தம் தேங்காமல் முன்னே தள்ளப்படுவதற்கு இந்தத் துடிப்பு உதவுகிறது என்று அவர்கள் கருதுகின்றனர்.

நிரம்பும்போதும் காலியாகும்போதும்

நலமான பையில் சிறுநீர் நிரம்பிக்கொண்டே போனாலும் உள்ளே அழுத்தம் அதிகம் ஏறுவதில்லை. தசை இணக்கமாகத் தளர்ந்து இடம் கொடுப்பதால், அது பெரும்பாலும் 10 முதல் 15 சென்டிமீட்டர் நீர் உயரத்துக்குள்ளேயே நிற்கிறது. தந்துகிகளுக்குள் இருக்கும் இரத்தத்தின் அழுத்தமோ, நீர் உயரக் கணக்கில் ஏறக்குறைய 27 முதல் 48 சென்டிமீட்டர் வரை இருக்கும். வெளியிலிருந்து நெருக்கும் அழுத்தத்தைவிட உள்ளிருந்து தாங்கும் அழுத்தம் அதிகம். எனவே இரத்தம் ஓடுகிறது.

சிறுநீர் கழிக்கும் வேளையில் தசை சுருங்குகிறது. அப்போது பையின் அழுத்தம் ஆண்களில் 40 முதல் 60 சென்டிமீட்டர் வரை உயரலாம். பெண்களில் பொதுவாக இதைவிடக் குறைவு. அந்தச் சில நொடிகள் தந்துகிகள் நெருக்கப்பட்டு இரத்த ஓட்டம் தாழ்கிறது. பை காலியானதும், பசித்த திசுவுக்குள் இரத்தம் மீண்டும் பாய்கிறது. வயலை நெடுநேரம் காயவிடாமல் மதகை மூடித் திறப்பது போன்ற ஒழுங்கு இது. நாள்தோறும் ஐந்தாறு முறை நடக்கும் இந்தச் சிறு தடையைத் தாங்கும்படியே பை அமைந்துள்ளது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்கள் மயக்க நிலையிலிருந்த ஆண்களின் சிறுநீர்ப்பைச் சுவரில் லேசர் ஒளியின் துணையால் இரத்த ஓட்டத்தை அளந்து 2002-இல் வெளியிட்டனர். இணக்கமாக விரியும் பைகளில், நிரம்பிய நிலையிலும் இரத்த ஓட்டம் காக்கப்பட்டது. விறைத்துப்போன பைகளில் அது குறைந்தது. பையைக் காலி செய்ததும் ஓட்டம் மீண்டும் உயர்ந்தது.

தொல்லை எப்போது தொடங்குகிறது? எல்லை மீறி நிரப்பும்போது. சுருள்கள் எல்லாம் நிமிர்ந்த பிறகும் சுவர் விரிந்தால், குழாய்களே இழுபட்டு மெலிகின்றன. உள்ளழுத்தமும் ஏறி அவற்றை நெருக்குகிறது. நான்கு காவலர்களும் மதகைத் திறக்க முயன்றாலும், வாய்க்காலையே மிதித்து நசுக்கினால் தண்ணீர் எப்படிப் பாயும்? நெடுநேரம் பட்டினி கிடந்த திசுவுக்குள் இரத்தம் திடீரெனத் திரும்பும்போதும் கேடு விளைகிறது. அப்போது உண்டாகும் வீரியமான வேதிப்பொருள்கள் தசையையும் மெல்லிய நரம்பு நுனிகளையும் தாக்குகின்றன என்பதை விலங்குகளிடம் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. இது மீண்டும் மீண்டும் நிகழ்ந்தால் தசைக்கு நடுவே நார் படர்ந்து, பை விறைத்துப் போகிறது.

ஒருநாள் பேருந்தில் ஒரு மணி நேரம் அடக்கிக்கொண்டதால் நலமான பை கெட்டுவிடாது. வாசகர்கள் வீணாக அஞ்ச வேண்டியதில்லை. ஆண்டுக்கணக்கில் தொடரும் பழக்கமும், முழுவதும் காலியாகாமல் தேங்கும் நிலையுமே கவலைக்குரியவை.

ஒரு மருத்துவர் எடுத்த துணிவான முடிவு

இந்த இரத்த ஓட்டத்தின் அருமையை உலகுக்கு உணர்த்திய வரலாறு ஒன்று உண்டு. தண்டுவடம் அடிபட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை தானாகக் காலியாவதில்லை. ஒரு காலத்தில் அவர்களில் பலர் காலில் வந்த முடக்கத்தால் அல்லாமல், சிறுநீரில் வந்த கிருமித் தொற்றால் இறந்தார்கள். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944-இல் தண்டுவடப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன், குறித்த நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாயைச் செலுத்திப் பையைக் காலி செய்யும் முறையை வளர்த்தார். கிருமி ஒன்றுகூட நுழையாதபடி கையுறை, முகமூடி, காய்ச்சிய கருவிகள் ஆகியவற்றுடன் மருத்துவமனையில் செய்ய வேண்டிய முறை அது. வீட்டில் இருப்பவர்களால் அப்படிச் செய்ய இயலுமா?

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மருத்துவர் ஜாக் லேப்பிடஸ் வேறு விதமாகச் சிந்தித்தார். கிருமிகள் எங்கும் உள்ளன. அவை நோயாக மாறுவது பைச் சுவரின் எதிர்ப்பாற்றல் குன்றும்போதுதான். சுவர் மிகையாக விரிந்தால் அதன் இரத்த ஓட்டம் குறைகிறது. இரத்தம் குறைந்தால் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களும் அங்கே போதிய அளவு வந்து சேர்வதில்லை. ஆகவே கிருமியற்ற கருவியைவிட, பையை நிரம்பி வழியவிடாமல் நேரத்தோடு காலி செய்வதே முக்கியம் என்பது அவர் கருத்து. சோப்புப் போட்டுக் கை கழுவி, சுத்தமான குழாயை நோயாளி தாமே செலுத்திக்கொண்டால் போதும் என்றார். பிலிப்பைன்ஸில் பிறந்த மருத்துவர் ஆனனியாஸ் டியோக்னோ உள்ளிட்ட தம் குழுவினருடன் 1972-இல் இந்த முறையை வெளியிட்டார்.

கிருமியற்ற தூய்மையே அடிப்படை என்று பயின்ற மருத்துவ உலகுக்கு இது அதிர்ச்சியாக இருந்தது. ஆனால் காலப்போக்கில் நோயாளிகளின் நலமே சாட்சியாக நின்றது. இன்று உலகெங்கும், முதுகுத்தண்டுக் குறையுடன் பிறந்த குழந்தைகள் முதல் விபத்தில் அடிபட்ட இளைஞர்கள் வரை எண்ணற்றோரின் சிறுநீரகங்களைக் காக்கும் முறை இதுவே. தேங்கிய சிறுநீரில் கிருமிகள் பெருகுவதும் தொற்றுக்கு ஒரு காரணம் என்பதால், இரத்த ஓட்டம் ஒன்றே முழு விளக்கமாகாது. எனினும் நேரத்தோடு காலி செய்யும் பையே தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்ற லேப்பிடஸின் பாடம் நிலைத்துவிட்டது. வேகத்தை அடக்காதே என்ற சித்தர் மரபின் விதியும், மிச்சிகன் மருத்துவரின் முடிவும் ஒரே இடத்தில் வந்து சேர்வதைக் காண்கிறோம்.

தோட்டமும் தொழிற்சாலையும்

பால்மரத்தின் பட்டைக்குள் உள்ள பால் குழல்களில் அழுத்தம் விடிவதற்கு முன்னே மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக்குவதால் அந்த அழுத்தம் தணிந்து பால் ஓட்டம் குறையும். இதனால்தான் நம் தாய்மார்கள் விடியுமுன்னரே எழுந்து, பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, வெட்டுக் காட்டுக்குப் போனார்கள். மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்து முடிக்கும்வரை பல மணி நேரம் ஆகும். நிரைக்கு நடுவே கழிப்பறை ஏது? ஆண்கள் மரத்தடியில் ஒதுங்கினார்கள். பெண்களில் பலர் அடக்கிக்கொண்டார்கள். அடக்க நேரிடும் என்று தண்ணீரையும் குறைத்துக் குடித்தார்கள். மரத்தின் பால் ஓட்டத்தை நுட்பமாக அறிந்திருந்தவர்களுக்குத் தங்கள் உடலின் ஓட்டத்தைக் கவனிக்க நேரமும் இடமும் கிடைக்கவில்லை.

1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளின் தரத்தை உயர்த்த வகை செய்தது. இதற்கிடையில் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, பல துண்டாடப்பட்டன. பீடோங், பாடாங் செராய், லூனாஸ் வட்டாரத்துக் குடும்பங்கள் பல சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் குடியேறின. 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா போன்ற இடங்களில் பிள்ளைகள் வேலைக்குச் செல்கிறார்கள். அங்கே நல்ல கழிப்பறை உண்டு. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை விட்டு நகரத் தயக்கம். லாரியும் பேருந்தும் ஓட்டுபவர்களுக்கு நிறுத்த நேரமில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கழிப்பறை சுத்தமாக இல்லாவிட்டால் வீடு திரும்பும்வரை அடக்குவதே வழக்கம். இடம் மாறியிருக்கிறது, பழக்கம் நம்முடன் வந்திருக்கிறது.

நீரிழிவு, புகை, முதுமை

நம் சமூகத்துக்கு இதில் கூடுதல் கவலை ஒன்று உண்டு. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வளர்ந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர்.

இனிப்பு நீர் நோய் சிறுநீர்ப்பையை இரு வழிகளில் தாக்குகிறது. முன்னே கூறிய உட்படலத்தைக் கெடுத்து நைட்ரிக் ஆக்ஸைடு சுரப்பைக் குறைக்கிறது. மதகு சரியாகத் திறப்பதில்லை. மேலும் உணர்வு நரம்புகளை மழுங்கச் செய்கிறது. பை நிரம்பியதே தெரியாமல் போகிறது. எனக்கு அடிக்கடி போக வேண்டியதில்லை என்று ஒருவர் மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே, உள்ளே பை அளவு மீறி விரிந்து, கழித்த பின்னும் மிச்சம் தேங்கியிருக்கக் கூடும்.

புகைப்பதும் அவ்வாறே இரத்தக் குழாய்களைச் சுருக்கிக் கெடுக்கிறது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு மிக முக்கியமான காரணமும் புகையே. கொழுப்புப் படிந்து இடுப்புத் தமனிகள் குறுகினால் பையின் தசை நார்ப்பட்டு விறைக்கிறது என்பதை பாஸ்டனில் கசெம் அசாட்சோய் குழுவினர் 1999-இல் முயல்களிடம் காட்டினர். முதிய ஆண்களில் புராஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர் வழியை அடைக்கும்போது, தசை அதிக அழுத்தத்துடன் நெடுநேரம் சுருங்க வேண்டியுள்ளது. அத்தனை நேரமும் சுவருக்கு இரத்தம் குறைகிறது. புராஸ்டேட் தொல்லைக்கு அமெரிக்காவில் 2011-இல் அனுமதிக்கப்பட்ட டாடலாஃபில் என்னும் மருந்து, நைட்ரிக் ஆக்ஸைடின் வழியைப் பலப்படுத்திக் குழாய்களைத் தளர்த்தும் வகையைச் சேர்ந்தது. ஆனால் நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை உபயோகிப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. மருத்துவர் சொல்லாமல் வாங்கிச் சாப்பிடுவது உயிருக்கே ஆபத்து.

நாம் செய்ய வேண்டியவை

பகலில் மூன்று அல்லது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்குச் செல்லுங்கள். அரை மணிக்கு ஒருமுறை வெறுமனே போய் வருவதும் தேவையில்லை.

தண்ணீரைக் குறைக்காதீர்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதிய அளவு குடிக்கிறீர்கள் என்று பொருள். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவையே பின்பற்ற வேண்டும்.

அவசரப்பட்டு எழாமல், பை முழுவதும் காலியாகும்வரை அமைதியாக இருங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் உணர்வு வரட்டும் என்று காத்திராமல், கடிகாரத்தைப் பார்த்துச் செல்லப் பழகுங்கள். சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் ஒழுங்காகச் சோதியுங்கள். புகைப்பதை விட்டுவிடுங்கள்.

சிறுநீரில் இரத்தம், காய்ச்சலுடன் எரிச்சல், மெலிந்த தாரை, வயிறு வீங்கியும் சிறுநீர் வராமை ஆகியவை தோன்றினால் காலம் தாழ்த்தாதீர்கள். இரத்தம் ஒரே ஒருமுறை வந்து நின்றுவிட்டாலும், வலியே இல்லாவிட்டாலும், சோதனை அவசியம். அருகிலுள்ள அரசு சுகாதாரக் கிளினிக்கில் காட்டினால் தேவைக்கேற்ப சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம், அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியா, கூலிம் ஆகிய மருத்துவமனைகளுக்கு அனுப்பிவைப்பார்கள். வீட்டிலுள்ள பாட்டியிடமும் அம்மாவிடமும் பிள்ளைகளே இதைப் பற்றிக் கேட்க வேண்டும். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

தண்ணீர்ப் பந்தலின் மறுபாதி

நிறைவாக, அறப்பணியில் ஈடுபட்டுள்ள அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தைப்பூசம் வந்தால் நம் மாநிலத்திலிருந்து பேருந்து பேருந்தாகப் பக்தர்கள் பினாங்கு தண்ணீர்மலைக்குச் செல்கிறார்கள். நம் ஊர் ஆலயங்களிலும் திருவிழா நாளில் பெண்கள் அதிகாலை முதல் நள்ளிரவு வரை நிற்கிறார்கள். வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல் அமைத்து மோரும் பானகமும் வழங்குவது பெரும் புண்ணியம். குடித்த நீர் ஓரிரு மணி நேரத்தில் வெளியேற இடம் கேட்கும் என்பதையும் நாம் நினைக்க வேண்டும். அந்த இடம் இல்லை என்று அறிந்த பெண்கள் பந்தலில் கொடுக்கும் நீரையே வேண்டாம் என்று மறுத்துவிடுகிறார்கள். அப்போது நம் தர்மம் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

மண்டபத்துக்கும் கோபுரத்துக்கும் நன்கொடை தருவோர் கழிப்பறைக்குத் தரத் தயங்குவது இயல்பே. கல்வெட்டில் பெயர் பொறிக்க ஏற்ற இடம் அல்ல அது. ஆயினும் தண்ணீரும் விளக்கும் தாழ்ப்பாளும் உள்ள, பெண்களுக்கும் முதியோருக்கும் தனியான, நாள்தோறும் சுத்தம் செய்யப்படும் கழிப்பறைகளை ஆலய வளாகத்திலும், நம் பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப்பள்ளியிலும் கட்டித் தருவது எத்தனையோ பேரின் சிறுநீர்ப்பையையும் சிறுநீரகத்தையும் காக்கும். கட்டுவதுடன் நில்லாமல், துப்புரவுப் பணியாளருக்கு மாதச் சம்பளம் கொடுக்கவும் ஒரு தொகையை ஒதுக்க வேண்டும்.

2001-இல் தொடங்கப்பட்டு இன்று செமிலிங்கில் இயங்கும் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் நம் பிள்ளைகள் மருத்துவம் பயில்கிறார்கள். அவர்களை ஆலயத்துக்கும் தோட்டத்துக்கும் அழைத்து, இதைப் பற்றித் தாய்மொழியில் பேசச் செய்யலாம். ஒரு மாலைப் பொழுது போதும்.

உடல் எழுப்பும் வேகத்துக்கு மதிப்பளிப்போம். பிறர் அதை அடக்கிக்கொள்ள வேண்டிய நிலையையும் மாற்றுவோம். எல்லா உயிர்களுக்கும் நலம் பெருக இறையருள் துணை நிற்பதாக.